அசிட்டில் ஊறிய 12.9 போல்ட்டுகள்: உப்புவெளியில் ஒரு வின்ச் திருத்தியது

திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்குச் சம்மாட்டியார், அதாவது படகுகளின் முதலாளி, போன் எடுத்தார். "தம்பி, நீர் நேற்றுப் பூட்டின போல்ட்டில மூன்றின்ர தலை கீழ கிடக்குது. ஆரும் கை வைச்சவையோ தெரியேல்ல. ஒருக்கா வந்து பாரும்."

திருகோணமலை உப்புவெளிக் கரையில் அவருடைய தகரக் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தபோது சொன்னது போலவேதான் இருந்தது. சீமெந்துத் தரையில் மூன்று தலைகள். ஒன்று வின்ச்சில் இருந்து நாலைந்து அடி தள்ளி, வலைக் குவியலுக்குள் கிடந்தது. ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு எட்டுப் போல்ட்டையும் டோர்க் ரென்ச் வைத்து நானே இறுக்கினேன். அதற்குப் பிறகு வின்ச்சை யாரும் ஓட்டவில்லை. ஒரு படகைக்கூட இழுக்கவில்லை. சும்மா நின்ற இயந்திரத்தில், இரவோடு இரவாக, தலை தானாகக் கழன்று விழுந்திருக்கிறது.

வின்ச் என்றால் பெரிய தொழிற்சாலைச் சாமான் இல்லை. பழைய லொறி ஒன்றின் கியர்பொக்ஸ், அதை ஓட்ட ஒரு டீசல் இயந்திரம், கம்பிக்கயிறு சுற்ற ஓர் உருளை. வாடைக்காற்று தொடங்கினால் அலை மேலே ஏறிவரும். அதற்கு முதல் பைபர் படகுகளை மேட்டுக்கு இழுத்து வைக்க வேண்டும். உருளையையும் கியர்பொக்ஸ் தண்டையும் ஒரு வட்டத் தகடு, அதாவது பிளாஞ்ச், சேர்த்துப் பிடிக்கிறது. அதில்தான் அந்த எட்டுப் போல்ட்டுகளும் இருக்கின்றன. எல்லாம் 12 மில்லிமீட்டர் அலன்கீ போல்ட்டுகள், தலையில் 12.9 என்று அடித்தவை, அதாவது மிக வலிமையான தரம். பழைய போல்ட்டுகள் தேய்ந்து ஆடத் தொடங்கியதால் என்னிடம் மாற்றித் தரச் சொன்னார்.

என் லேத் கடையில் அதே அளவில் 50 போல்ட் உள்ள பெட்டி ஒன்று ஒரு வருடமாகக் கிடந்தது. புதியவை, ஆனால் எங்கள் ஊர்க் காற்றுக்குக் கறுப்புப் பூச்சு எம்மாத்திரம்? மேலெல்லாம் கறள். கடற்கரையில் நிற்கப்போகும் வின்ச்சுக்குக் கறளோடு போல்ட் பூட்ட மனம் வரவில்லை. வடிவாகச் செய்துகொடுப்போம் என்று நினைத்தேன். வெள்ளி இரவு 12 போல்ட்டுகளை ஐதரோகுளோரிக் அசிட்டில் போட்டுவிட்டுப் படுத்தேன். விடியப் பார்த்தால் கறள் ஒரு பொட்டும் இல்லை, சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தன. சனிக்கிழமை அவற்றுக்கு நாக முலாம் போட்டேன். நாகம் என்பதை இந்தியப் பக்கம் துத்தநாகம் என்பார்கள். படகுகளின் அடியில் கட்டும் பழைய நாகக் கட்டி ஒன்று நேர்முனையில் அனோட்டு, போல்ட் எதிர்முனையில் கதோட்டு, நாக சல்பேற்றுக் கரைசல், ஒரு பற்றரி சார்ஜர். அவ்வளவுதான். மின்னோட்டம் கொடுத்ததும் போல்ட்டுகளைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் நுரைத்து வந்தன. அதைப் பார்த்து வேலை நன்றாக நடக்கிறது என்று சந்தோசப்பட்டேன். அந்தக் குமிழிகள்தான் முழுக் கதையும் என்பது அப்போது தெரியாது.

எட்டை வின்ச்சில் பூட்டினேன். நான்கு மிச்சம். அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, உடைந்த தலைகளுக்கு வருவோம். முதலில் எனக்குத் தோன்றியது இரண்டு காரணங்கள். ஒன்று, போலிப் போல்ட். மற்றது, நான் அளவுக்கு மிஞ்சி இறுக்கிவிட்டேன். இரண்டாவதை உடனே விலக்க முடிந்தது. நான் வைத்தது 130 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டர் 12.9 போல்ட்டுக்கு அது வழக்கமான அளவுக்குச் சற்றுக் குறைவே. மிஞ்சி இறுக்கினால் போல்ட் இறுக்கும்போதே கையில் தெரியும். பிடி இளகி, நீண்டு, கழுத்துச் சிறுத்துப் பிறகுதான் அறும். 13 மணித்தியாலம் பொறுத்திருந்து அறாது.

உடைந்த முகத்தை வெயிலில் பிடித்து, மணிக்கூடு திருத்துபவர்கள் கண்ணில் வைக்கும் வில்லையால் பார்த்தேன். நல்ல உருக்கு இழுபட்டு அறுந்தால் அந்த முகம் மங்கிய சாம்பலாக, நார் நாராக இருக்கும். பக்கத்தில் கழுத்துச் சிறுத்திருக்கும். இதில் கழுத்துச் சிறுக்கவே இல்லை. தலையும் தண்டும் சேரும் வளைவில் தொடங்கிய ஒரு பிறைவடிவம் மட்டும் கற்கண்டை உடைத்த மாதிரி மணிமணியாக மினுங்கியது. மிச்சப் பகுதிதான் வழக்கமான சாம்பல். அதாவது, முதலில் அந்தப் பிறை மெதுவாகப் பிளந்திருக்கிறது. பிளந்து பிளந்து, மீதியால் பாரத்தைத் தாங்க முடியாமல் போனதும் ஒரே அடியில் அறுந்திருக்கிறது. உள்ளே கறளும் இல்லை, அதனால் பழைய வெடிப்பும் இல்லை.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியையாவிடம் போனேன். வயது 78. 1957இல் வெள்ளைக்காரர்கள் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன பிறகும் டொக்யாட்டில் வேலை செய்த அந்தக் காலத்து ஆட்களிடம் பிட்டர் வேலை பழகியவர். தலையை வாங்கிப் பார்த்தார். பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி:

"அசிட்டில போட்டனியோ?"

"ஓம் பெரியையா, இரவு முழுக்க. கறள் போகத்தான்."

"பிறகு சூடாக்கினனியோ?"

"இல்லை."

"அசிட்டில போட்ட வில்லுச்சுருளைச் சூடாக்காமல் பூட்டக் கூடாது எண்டு எங்களுக்கு முதல் மாதமே சொல்லித்தந்தவை. ஏன் எண்டு கேட்டால், அசிட் உள்ளுக்கு நிக்குது எண்டுவினம். மிச்ச அஞ்சையும் கழட்டிக்கொண்டு வா."

கொண்டுபோனேன். ஒரு பேணியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்தையும் போட்டார். தேத்தண்ணி குடித்து முடித்து, அவர் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடக் கதையெல்லாம் கதைத்து முடிந்தபின் எடுத்துப் பழந்துணியால் ஈரம் போகத் துடைத்தார். பிறகு சோக்குக் கட்டியைத் தூளாக்கித் தலையின் கீழ் வளைவில் தடவி, வெயிலில் வைத்தார். ஐந்து நிமிடம் போயிருக்கும். வெள்ளைச் சோக்குக்கு மேலே, ஒரு போல்ட்டில் தலைமயிர் போல ஒரு கறுத்த கோடு மெதுவாக எழும்பி வந்தது. வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் திரும்பக் கசிகிறது. இன்னொன்றிலும் அதே கோடு. ஐந்தில் இரண்டு, உடைவதற்கு வரிசையில் நின்றிருக்கின்றன.

எனக்கு உடம்பு கூசியது. வின்ச் இழுக்கும்போது கம்பிக்கயிற்றின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள், படகைத் தள்ளிக்கொடுக்க. சிறுபிள்ளைகளும் ஓடிவருவார்கள். அந்த மூன்று தலையும் இரவில் விழாமல் படகு இழுக்கும்போது விழுந்திருந்தால்!

பெரியையா "அசிட் உள்ளுக்கு நிக்குது" என்றார். உள்ளே நிற்பது அசிட் அல்ல, ஐதரசன். அசிட் இரும்பைக் கரைக்கும்போது ஐதரசன் வெளிவரும். முதலில் பிறப்பது தனித்தனி அணு. இரண்டு அணுக்கள் சேர்ந்து மூலக்கூறானால் குமிழியாக மேலே போய்விடும். ஆனால் எல்லா அணுவுக்கும் சோடி கிடைப்பதில்லை. சோடி சேராதவற்றில் கொஞ்சம் உருக்குக்குள்ளேயே நுழைந்துவிடும். அணுக்களில் மிகச் சிறியவற்றில் அது ஒன்று. இரும்பு அணுக்களுக்கு இடையிலுள்ள சந்துகளுக்குள் சாதாரண அறை வெப்பநிலையிலேயே அது நடமாடும். முலாம் போடும்போதும் இதே கதைதான். போல்ட் கதோட்டு என்பதால் மின்னோட்டத்தின் ஒரு பங்கு நாகத்தைப் படியவைக்கிறது, மிச்சம் அதே போல்ட்டின் மேல் ஐதரசனை உண்டாக்குகிறது. நான் சந்தோசப்பட்ட குமிழிகள் அவைதான். அதற்கு மேல், படிந்த நாகப் படலம் மூடி போட்டது போல ஆகிவிடுகிறது. உள்ளே போன ஐதரசன் வெளியே வரச் சிரமப்படும்.

உள்ளே போனதன் அளவு மிகச் சொற்பம். பத்து இலட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும். அது எல்லா இடமும் சமமாகப் பரவி நின்றால்கூடப் பரவாயில்லை. ஆனால் போல்ட்டை இறுக்கியதும், எந்த இடம் அதிகமாக இழுபடுகிறதோ அந்த இடத்தில் இரும்பின் சந்துகள் கொஞ்சம் விரியும். ஐதரசன் அங்கே நகர்ந்து வந்து கூடும். போல்ட்டில் அந்த இடம் எது? தலையின் கீழ் வளைவு, அல்லது முதல் புரியின் அடி. அங்கே சேர்ந்ததும், உருக்கை ஆக்கியிருக்கும் சின்னச் சின்னப் பளிங்கு மணிகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளர்ந்து, மணி எல்லை வழியாகப் பிளக்கிறது. கற்கண்டு போல மினுங்கியது அந்த மணிகளின் முகம். வெடிப்பு கொஞ்சம் முன்னேறி நிற்கும். அதன் நுனிக்கு மறுபடி ஐதரசன் வந்து சேரும். மறுபடி ஒரு அடி. இந்த நடைக்கு நேரம் எடுப்பதால்தான் இறுக்கும்போது ஒன்றும் தெரியாமல், மணித்தியாலங்கள் கழித்தோ நாட்கள் கழித்தோ உடைகிறது. பிடி தளர்வதுதான் முதற்காரணமா, அல்லது ஐதரசன் அந்த நுனியில் உருக்கை ஒரே இடத்தில் நழுவச் செய்து பிளக்கவைக்கிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்றுவரை வாதம் உண்டு.

இதை முதலில் எழுதிவைத்தவர் வில்லியம் ஜோன்சன் என்ற ஆங்கிலேயர். 1875இல் இலண்டன் றோயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. அசிட்டில் சில நிமிடம் கிடந்த இரும்புக் கம்பி வளைத்ததும் முறிகிறது, முறிந்த முகத்தை ஈரமாக்கினால் குமிழிகள் வருகின்றன, கம்பியைச் சும்மா சில நாள் வைத்தாலோ சூடாக்கினாலோ பழைய உறுதி திரும்புகிறது என்று எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பெரியையாவுக்கு முதல் மாதமே சொல்லிக்கொடுத்த சூடாக்கும் வழக்கத்துக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது.

வாயால் கேட்டதோடு விட மனமில்லை. அந்தப் பெட்டியில் இன்னும் 38 போல்ட் இருந்தன. போலி என்ற சந்தேகத்தையும் அதே பெட்டியை வைத்தே தீர்க்கலாம். கப்பல் உடைத்த இரும்பில் வாங்கிவைத்த ஒரு தடித்த தகடு கடையில் கிடந்தது. அதில் 20 துளை போட்டுப் புரி வெட்டினேன். நன்னான்காக ஐந்து கூட்டம். முதல் நான்கு, கம்பித் தூரிகையால் கறள் உரசியவை மட்டும். இரண்டாவது நான்கு, இரவு முழுக்க அசிட்டில் ஊறிக் கழுவியவை. மூன்றாவது நான்கு, அசிட்டும் முலாமும், வின்ச்சுக்குச் செய்தது அப்படியே. நான்காவதும் அதேதான், ஆனால் முலாம் முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வெல்டிங் கூர் காயவைக்கும் பெட்டியில் 200 பாகையில் 12 மணித்தியாலம் வைத்தேன். ஐந்தாவது கூட்டம் வலிமை குறைந்த 8.8 தரப் போல்ட், அசிட்டும் முலாமும், சூடாக்காதவை. 12.9 எல்லாவற்றுக்கும் 130 நியூட்டன் மீட்டர், 8.8க்கு 80. எல்லாவற்றையும் ஒரே பின்னேரம் இறுக்கி, தகட்டுக்கு மேலே மூன்று மடிப்புச் சாக்குப் போட்டு, அதற்கு மேல் ஒரு பலகையும் வைத்தேன். தலை பறக்கும் என்பதை மறக்கக் கூடாது. உடையும்போது அந்தப் போல்ட் 12 மில்லிமீட்டர் தடிப்புக்குள் ஆறேழு தொன் இழுவையை அடக்கி வைத்திருக்கிறது.

இறுக்கி மூன்று மணித்தியாலம் இருக்கும். கடையைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றேன். உள்ளே "டிங்" என்று ஒரு சத்தம். உளியில் சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தரம் தட்டின மாதிரி, கூர்மையாக, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. திறந்து சாக்கைத் தூக்கினால், மூன்றாவது கூட்டத்தில் ஒரு தலை சாக்குக்குள் கிடந்தது. அன்று இரவு அங்கேயே பாய் போட்டுப் படுத்தேன். பதினொன்றரைக்கு ஒன்று. விடியப்புறம் மூன்று மணிபோல இன்னொன்று. கண்ணுக்கு முன்னால் ஒன்றும் அசையவில்லை, யாரும் தொடவில்லை, இருட்டுக்குள் உருக்கு தன்பாட்டில் அறுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு இந்த விசயத்தை இலேசாக எடுக்க என்னால் முடியாது.

பத்து நாள் விட்டுப் பார்த்தேன். உரசி மட்டும் பூட்டிய நான்கும் அப்படியே நின்றன, ஆகவே பெட்டி போலி இல்லை. அசிட்டில் மட்டும் ஊறியதில் இரண்டு போயின. அசிட்டும் முலாமும் சேர்ந்ததில் மூன்று, எல்லாம் முதல் இரவிலேயே. சூடாக்கிய நான்கும் நின்றன. 8.8 நான்கும் நின்றன. நன்னான்கு போல்ட்டை வைத்துச் சட்டம் எழுத முடியாது, தெரியும். ஆனால் என் கடையில், என் அசிட்டில், என் கையால் நடந்தது எது என்ற கேள்விக்கு இது போதுமான பதில்.

8.8 ஏன் தப்பியது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தலையில் உள்ள முதல் இலக்கத்தை நூறால் பெருக்கினால் இழுவை வலிமை மெகாபாஸ்கலில் வரும். 8 என்றால் 800, 12 என்றால் 1200. வலிமை கூடக் கூட வன்மையும், அதாவது கடினமும், கூடும். 12.9இன் வன்மை றொக்வெல் சி அளவில் 39 முதல் 44 வரை. 8.8 பெரும்பாலும் 22 முதல் 32 வரை நிற்கும். மென்மையான உருக்கு, ஒரு இடத்தில் இழுவை மிஞ்சினால் அந்த இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நீளும். கூர்மையான நுனி மழுங்கும், இழுவை பக்கத்துக்குப் பிரியும். வன்மையான உருக்கு விட்டுக்கொடுக்காது. முழு இழுவையையும் அந்த ஒரே நுனியில் வைத்துக்கொண்டு நிற்கும், ஐதரசன் வந்து சேரும்வரை. பொதுவாக 39க்கு மேற்பட்ட வன்மையில் இந்த ஆபத்து நிச்சயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 10.9 போல்ட்டுகள் 32 முதல் 39 வரை வருவதால் அவற்றிலும் கவனம் தேவை.

சூடாக்குவது பற்றி. முலாம் போடும் தொழிலில் 190 முதல் 220 பாகை வரை வழக்கம். முலாம் முடிந்து நான்கு மணித்தியாலத்துக்குள் அடுப்புக்குள் போக வேண்டும், வன்மை கூடக் கூட நேரமும் கூட வேண்டும், எட்டு மணித்தியாலத்தில் இருந்து ஒரு நாள்வரை. அந்தச் சூட்டில் போல்ட்டின் பதம் கெடாது. 12.9ஐப் பதம் போடும் வெப்பநிலை 380 பாகைக்குக் குறையாது. ஆனால் காஸ் விளக்கால் ஊதிச் சூடாக்கும் வேலை வேண்டாம். எங்கே எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, சூடு ஐதரசனைத்தான் வெளியேற்றும், பிளந்த வெடிப்பை ஒட்டாது. பெரியையாவின் சோக்கில் கோடு காட்டிய இரண்டு போல்ட்டையும் ஒரு மாதம் அடுப்பில் வைத்தாலும் அவை வெடித்த போல்ட்தான்.

அப்படியென்றால் வின்ச்சுக்கும் முலாம் போட்டுச் சூடாக்கிய 12.9ஐப் பூட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் தகட்டில் நின்றதுதானே. இங்கேதான் கடற்கரை குறுக்கே வருகிறது. நாக முலாம் இரும்பைக் காப்பது எப்படி? தான் கரைந்து காக்கிறது. படகின் அடியில் நாகக் கட்டி கட்டுவதும் இதற்குத்தான். உப்பு ஈரம் பட்ட இடத்தில் முலாம் கீறுப்பட்டிருந்தால் நாகம் அனோட்டாகக் கரையும், கீறலில் தெரியும் உருக்கு கதோட்டாகும். கதோட்டில் என்ன பிறக்கும்? மறுபடி ஐதரசன். அடுப்பில் வைத்து வெளியேற்றியதை, வாடைக்காற்று ஒவ்வொரு நாளும் திரும்ப ஏற்றிவிடும். போல்ட்டோ இறுக்கிய இறுக்கத்திலேயே நிற்கிறது.

பெரிய வேலைகளிலும் இது நடந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் பே பிரிட்ஜ் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில், உருகிய நாகத்தில் முக்கியெடுத்த, மூன்று அங்குல விட்டமுள்ள உயர்வலிமை உருக்குத் தண்டுகள் 96 இருந்தன. 2008இல் கொண்டுவந்து பொருத்தியவை, வருடக் கணக்காக இறுக்காமல் நின்றன. நின்ற குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. 2013 மார்ச்சில் இறுக்கினார்கள். சில நாட்களுக்குள் 32 தண்டுகள் அறுந்தன. காரணம் ஐதரசன்தான். இதை வாசித்தபோது, உப்புவெளியில் தகரக் கொட்டிலுக்குள் நிற்கும் எங்கள் வின்ச்சுக்கு அந்த ஆபத்தை எடுக்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

ஆகவே போல்ட்டின் தரத்தைக் குறைத்து அளவைக் கூட்டினேன். கணக்கு எளிது. 12 மில்லிமீட்டர் போல்ட்டின் பாரம் தாங்கும் குறுக்குப் பரப்பு 84.3 சதுர மில்லிமீட்டர். 12.9 தரத்துக்கு 970 மெகாபாஸ்கல் வரை பயமில்லாமல் இழுக்கலாம். பெருக்கினால் 82 கிலோநியூட்டனுக்குக் கிட்ட. 16 மில்லிமீட்டர் போல்ட்டின் பரப்பு 157. 8.8 தரத்துக்கு 580 மெகாபாஸ்கல். பெருக்கினால் 91. அதாவது மென்மையான பெரிய போல்ட், வன்மையான சின்னப் போல்ட்டைவிட இறுக்கிப் பிடிக்கிறது. பிளாஞ்சில் போல்ட் வட்டத்தின் விட்டம் 150 மில்லிமீட்டர். துளைக்குத் துளை 57 வருவதால் பெரிய தலைக்கும் வாஷருக்கும் இடம் தாராளம்.

வேலை ஒரு நாள் எடுத்தது. முதலில், உள்ளே மாட்டியிருந்த முறிந்த தண்டுகள். அவற்றில் பாரம் இல்லாததால் நடுவில் ஒரு பொட்டுக் குத்தி, இடக்கை துளையூசியால் துளைக்கத் தொடங்க, இரண்டு தாமாகவே சுழன்று வெளியே வந்தன. மூன்றாவதுக்கு ஒரு சுரையை, அதாவது நட்டை, வைத்து வெல்ட் பிடித்துத் திருகினேன். பிறகு பிளாஞ்சை லேத்தில் கட்டித் துளைகளை 17 ஆக்கினேன். உருளைப் பக்கம் இருந்த பழைய 12 மில்லிமீட்டர் புரித் துளைகளை 14 ஆக்கி, 16க்குப் புரி வெட்டினேன். இந்த அளவு வசதியாக அமைந்தது. 14 துளைத்ததும் பழைய புரி முழுவதும் போய்விடுகிறது, புதுப் புரிக்குச் சுத்தமான இரும்பு கிடைக்கிறது. கடையில் முலாமோடு வரும் மெல்லிய நாகம் படிந்த 8.8 போல்ட்டுகளை எடுத்தேன். உருகிய நாகத்தில் முக்கியவை தடித்திருக்கும், சாதாரணப் புரித் துளைக்குள் போகாது, துளையைப் பெரிதாக வெட்ட வேண்டும். 190 நியூட்டன் மீட்டர், குறுக்குக் குறுக்காக மூன்று சுற்றில். தலைக்கு மேலே தடிப்பாகக் கிறீஸ், அதற்கு மேல் ஒரு தகர மூடி. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு கிழமை கழித்து என்று மூன்று தரம் போய் ரென்ச் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. பிறகுதான் சம்மாட்டியாரைக் கம்பிக்கயிறு கட்டச் சொன்னேன்.

கறள் எடுக்கும் வேறு வழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கேட்கிறார்கள். வினாகிரியும் தேசிக்காய் உப்பும் புளித்தண்ணியும் அசிட்தான், வலு குறைவு என்றாலும் ஐதரசனைக் கொடுக்கும். சலவைச் சோடாக் கரைசலில் பற்றரி சார்ஜர் வைத்துக் கறள் எடுக்கும் முறையில் அசிட்டே இல்லையே, ஆகவே ஆபத்தில்லை என்று நம்பிவிட வேண்டாம். அதில் சாமான் கதோட்டாக நிற்கிறது, ஐதரசன் குமிழி வருவது சாமானின் மேல்தான். கதவுப் பிணைச்சல், மண்வெட்டி, பழைய பூட்டு, இவைக்கெல்லாம் தாராளமாகச் செய்யுங்கள், நானும் செய்கிறேன். வில்லுச்சுருள், 10.9, 12.9 போல்ட்டுகள், ஸ்பிரிங் வாஷர், இவைக்கு மட்டும் வேண்டாம். டீசலில் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் உரசுங்கள், நேரம் எடுத்தாலும்.

வெல்டிங்கிலும் இதே ஐதரசன் இருக்கிறது. மாரி காலத்தில் 7018 என்ற வெல்டிங் கூர்ப் பெட்டியைத் திறந்து வைத்தால் பூச்சு ஈரத்தை உறிஞ்சும், ஈரம் மின்வில்லின் சூட்டில் பிரிந்து ஐதரசன் வெல்டுக்குள் போகும். தடித்த, வன்மையான உருக்கை ஒட்டினால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துப் பக்கத்தில் வெடிக்கும். என் கடையில் கூர் காயவைக்கும் பெட்டி இருந்ததே அதற்காகத்தான். வெல்டுக்கு இவ்வளவு கவனம் எடுத்தவன் போல்ட்டை அசிட்டில் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறேன். இரண்டும் ஒரே விசயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மிச்ச நான்கு போல்ட். இரண்டு என் லாச்சிக்குள் இருந்தன. மற்ற இரண்டையும் தேடி எல்லா இடமும் கிளறினேன். தகட்டில் துளை போட்டுக்கொண்டிருந்த அன்றுதான் நினைவு வந்தது. சனிக்கிழமை பின்னேரம் நிலாவெளித் தம்பி ஒருவர் உழவு இயந்திரப் பெட்டியின் கொக்கித் தகட்டுக்கு 12இல் இரண்டு போல்ட் கேட்டு வந்தார். பளபளவென்று இருந்ததில் இரண்டைக் காசு வாங்காமல் நானே எடுத்துக் கொடுத்தேன். துளை போடுவதை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அவர் வீட்டில் இல்லை. மணல் ஏற்றப் போயிருக்கிறார் என்று மனைவி சொன்னார். வீதியோரமாக அரை மணித்தியாலம் காத்து நின்றேன். பாரத்தோடு வந்தார். கையைக் காட்டி நிறுத்தி, பெட்டிக்குக் கட்டை கொடுத்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தேன். ஒரு துளையில் தலை இல்லை. மற்றது நின்றது. கழற்றி அங்கேயே துடைத்து, அவர் வீட்டில் மண்ணெண்ணெயும் பிள்ளையின் சோக்கும் வாங்கிச் செய்து பார்த்தேன். கால்வட்டத்துக்குக் கோடு வந்தது. இரண்டு 8.8 போல்ட் பூட்டிக் கொடுத்துவிட்டு, அதையும் லாச்சியில் இருந்த இரண்டையும் கடைக்குக் கொண்டுவந்து காஸ் விளக்கால் வெட்டித் துண்டாக்கினேன்.